முதல் வரியில் எழுதுங்கள்: காணித் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் காணித் தரகு செய்யும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். “இரண்டு ஏக்கர் வளவு, வீடு, காய்க்கும் பழத்தோட்டம், நீச்சல் தடாகம், கடலுக்கு நடைதூரம்.” இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் போன வருடம் நானும் தங்கையும் காணி பார்க்கப் போனோம். தங்கையின் கணவர் பதினொரு வருடம் கத்தாரில் உழைத்த காசு, மகளுக்குச் சீதன வளவு வாங்க வைத்திருந்தது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வளவு அழகுதான். கறுத்தக்கொழும்பான் மா கிளை தாழக் காய்த்திருந்தது. நீலத் தட்டோடு பதித்த தடாகத்தில் ஜம்புப்பழங்கள் விழுந்து மிதந்தன. தங்கையின் மகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை உள்ளே விட்டாள். தங்கை அப்போதே முடிவெடுத்துவிட்டாள். நான் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன், உவர். “மழை பெய்தால் சரியாகிடும் அக்கா” என்றார் கூட வந்த தரகர்.

காணி உறுதியை, அதாவது சொந்தக்காரர் யார் என்று காட்டும் பத்திரத்தைக் கேட்டோம். “எல்லாம் கிளியர்” என்றார். முற்பணம் கொடுத்து மூன்று வாரம் கழித்துத்தான் தாள் வந்தது. பொலித்தீன் உறைக்குள் நாலாக மடித்த பெர்மிட், அரச காணிக்குக் கொடுக்கும் அனுமதிப்பத்திரம். அதில் இருந்த பெயர் எப்போதோ இறந்துபோன ஒருவருடையது. விற்க வந்தவர் அவருடைய மூன்றாவது மகன்.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் கொடுத்த அரச காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றாலும் செல்லாது. பெர்மிட்காரர் இறந்தால் பின்னுரித்து யாருக்கு என்பதற்கும் தனி ஒழுங்கு உண்டு, வந்த பிள்ளை எல்லாம் கையெழுத்து வைக்க முடியாது. இது எங்களுக்குத் தெரியாது. தரகருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

உறுதி இல்லாததை நான் குற்றம் சொல்லவில்லை. 1990 இல் யுத்தத்துக்குப் பயந்து உடுத்த துணியோடு ஓடியவர்களும், 2004 சுனாமியில் அலுமாரியோடு எல்லாம் பறிகொடுத்தவர்களும் நம் ஊரில் எத்தனை பேர்! பதிவான உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பெர்மிட்டை உறுதி மாதிரிக் காட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தடாகத்தைப் பற்றியும் ஒன்று. எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் நிரப்ப 48,000 லீற்றர் தண்ணீர் வேண்டும். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாகத்தான் நிற்கும். கிணற்றில் மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச உப்பு மேலே ஏறும். அந்த வளவுக்குப் பக்கத்து வீட்டு அம்மா குடிதண்ணீரைப் பிளாஸ்டிக் கானில் வாங்குவதை அன்றைக்கே பார்த்தேன்.

இனிமேல் விளம்பரம் போடும்போது முதல் வரியில் எழுதுங்கள்: உறுதியா, பெர்மிட்டா, யார் பெயரில். அடுத்த வரியில், ஆவணி மாதத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று. மாமரத்தையும் தடாகத்தையும் அதற்கு அப்புறம் எழுதுங்கள்.

தங்கையின் முற்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஓர் அக்கா