அந்தப் பகிடிக்கும் சட்டம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் இளைஞர் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர், தன்பாலீர்ப்பு உள்ளவர்களைப் பற்றி, "நாங்கள் அடிக்கவில்லையே, பகிடிதான் பண்ணுகிறோம்" என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் சிரித்த முகத்தோடு அவருடைய படம். பகிடிக்கு ஆளான ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்க உங்கள் நிருபருக்கு நேரம் கிடைக்கவில்லை போலும்.

மட்டக்களப்பு நகரில் என் வீட்டு மேல்மாடியில் மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளையின் குரலும் நடையும் மற்றப் பொடியன்களுக்குப் பிடிக்கவில்லை. வட்ஸ்அப் குழுவில் அவன் படத்துக்குச் சேலை கட்டிப் போட்டார்கள். அவனோடு இருந்து சாப்பிட்டவனுக்கும் அதே பட்டப்பெயர் கிடைத்ததால் அவனும் விலகிப் போனான். அடித்தவர் யாருமில்லை, மாணவர் சொன்னது உண்மைதான்! பரீட்சைக்கு முதல் பிள்ளை ஊருக்குப் போய்விட்டான். முறைப்பாடு எழுதச் சொன்னேன். "வீட்டுக்குத் தெரிஞ்சிடும் அன்ரி" என்றான். சரி என்று நானே அவன் படிக்கும் இடத்துக்குப் போனேன். "அவன் கொஞ்சம் ஆம்பிளையாக நடந்தால் பிரச்சினை முடிந்தது" என்று சொல்லி, மரியாதையாகத் தேநீரும் தந்து அனுப்பினார்கள்.

சட்டமே தன்பாலுறவைக் குற்றம் என்கிறதே என்றும் உங்கள் மாணவர் கேட்கிறார். 1883இல் இலங்கைக்கு வெள்ளைக்காரன் எழுதிவைத்த தண்டனைச் சட்டக்கோவை அது. 1995இல் பெண்களையும் அதற்குள் சேர்த்தார்கள். 365அ பிரிவில் வயதுவந்தவர்களுக்கு அதிகபட்சம் 2 வருடச் சிறை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்திலோ, பாலியல் தொந்தரவோடு பகிடிவதை செய்தால் 10 வருடம் வரை. தம்பி முதலாவதை மட்டும் பாடமாக்கியிருக்கிறார். தன்பாலுறவைக் குற்றமில்லை என்றாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னதும் அவருக்கு எட்டவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர் சொன்னதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

உங்களிடம் அதை எதிர்பார்ப்பதும் என் பிழைதானோ என்னவோ. பஸ்ஸில் பெண் பிள்ளைகள் படும் தொல்லையைப் பற்றி முன்பு நான் எழுதியபோது, பாதியை வெட்டிவிட்டு "உடையில் கவனம் தேவை" என்று தலைப்புப் போட்டவர்கள் நீங்கள். ஞாயிற்றுக்கிழமைத் துணுக்குகளில் இடுப்பை ஆட்டி நடக்கும் ஆண்பிள்ளை இல்லாத வாரம் எது?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பகிடிவதைச் சட்டத்தின் அந்தப் பிரிவையும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையம் வழியாக முறைப்பாடு அனுப்பும் முறையையும் அதே இளைஞர் பக்கத்தில் சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதென்றால் சுருக்குங்கள், தலைப்பை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மட்டக்களப்பு