மாப்பிள்ளை நறுக்கிய இலை

மூலனூர்,
சித்திரை 5

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். போன ஞாயிறு போனில், "அப்பா, டாஃபடில் தொட்டியில இந்த வருஷம் வெறும் இலைதான், ஒரு பூக்கூட இல்லை" என்று வருத்தப்பட்டாய். வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கிற அந்தக் கிழங்குச் செடி ஏன் பூக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நீ ஸ்பீக்கர் போட்டிருந்தாய், பக்கத்தில் மாப்பிள்ளை. அதனால்தான் இந்தக் கடுதாசி.

போன வருஷம் பூ முடிந்ததும், இலை சாய்ந்து கிடப்பது பார்க்க நன்றாக இல்லை என்று அவர் ஒட்ட நறுக்கிவிட்டார் என்றாயே, அதுதான். பூ வாடிய பிறகுதான் அந்த இலைக்கு வேலையே ஆரம்பம். அடுத்த வருஷப் பூவுக்கான சத்தை அதுதான் கிழங்குக்குள் இறக்குகிறது. குறைந்தது 6 வாரம் விட வேண்டும், தானாக மஞ்சளாகிக் காயட்டும். சடை மாதிரி முடிந்து வைக்கவும் கூடாது. வாடிய பூவை மட்டும் கிள்ளிவிடு, இல்லாவிட்டால் சத்து விதைக்குப் போய்விடும்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நம் கண்வலிக்கிழங்கு, அதுதான் செங்காந்தள், தோட்டத்தில் நானே அதைச் செய்திருக்கிறேன். ஆடியில் முளைத்து, இலை நுனியால் கம்பியைச் சுற்றிப் பிடித்து ஏறி, ஐப்பசியில் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும். விடியற்காலையில் உங்கம்மாவும் ஆட்களும் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். காய் பறித்த பிறகும் கொடி கொஞ்ச நாள் அரைப்பச்சையாக இருக்கும். உன் நிச்சயத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டார் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்று, காடு சுத்தமாகத் தெரிய வேண்டுமே என்று, அந்தப் பச்சைக் கொடியை எல்லாம் அறுத்துப் போட்டேன். அடுத்த ஆடியில் தோண்டிப் பார்த்தால் கலப்பை மாதிரி இருக்க வேண்டிய கிழங்கு விரல் தண்டிக்கு இளைத்துக் கிடந்தது. பாதிக்குமேல் பூக்கவில்லை. "மழை சரியில்லை" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது.

சரி, உன் தொட்டிக்கு வருகிறேன். நீ வைத்திருப்பது டெட்டாடெட் என்ற குட்டை ரகம்தானே? ஒரு சாண் உயரம், ஒரே தண்டில் இரண்டு மூன்று பூக்கூட வரும். தொட்டிக்கு அதுதான் சரி. நெட்டை ரகம் நீ இருக்கிற இங்கிலாந்து லீட்ஸ் ஊர்க் காற்றுக்குச் சாய்ந்துவிடும். இப்போது இலை பச்சையாக இருக்கும்போதே தக்காளிக்கு ஊற்றுகிற திரவ உரத்தை வாரம் ஒரு தடவை கொடு. அதில் சாம்பல் சத்து அதிகம். அடுத்த பங்குனிக்குப் பூக்காவிட்டால் அதற்கடுத்த பங்குனிக்குப் பூக்கும்.

இலை காய்கிற அலங்கோலத்தை மறைக்கத்தான் கூடவே வருஷா வருஷம் தழைக்கிற செடியை வைப்பது. உன் ஹியூக்கெரா அதற்குத் தோதானது. வேர் ஆழம் போகாது, இலை குளிரிலும் நிற்கும். ஹோஸ்டாவும் நல்ல ஜோடிதான், டாஃபடில் ஓய்கிற நேரத்தில்தான் அது இலை விரிக்கும். ஆனால் கோடையில் அது தண்ணீர் கேட்கும், தூங்குகிற கிழங்குக்கு ஈரம் ஆகாது, அழுகும். நானாக இருந்தால் கிழங்கைச் சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதைப் பெரிய தொட்டிக்குள் புதைத்து வைப்பேன். பூ முடிந்ததும் அப்படியே தூக்கி ஒரு மூலையில், வெயில் படுகிற இடத்தில் வைத்துவிடலாம். மாப்பிள்ளை கண்ணிலும் படாது.

புதிதாக நடுவதானால் புரட்டாசி, ஐப்பசியில் நடு. கிழங்கின் உயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், மண்ணோடு பொடி ஜல்லி, தொட்டிக்கு அடியில் செங்கல் துண்டு.

இங்கே நட ஊருக்கு வரும்போது நாலு கிழங்கு கொண்டு வரவா என்று கேட்டாய். வேண்டாம் கண்ணு. அதற்கு 12 வாரத்துக்குக் குறையாமல் நல்ல குளிர் வேண்டும். இங்கே மார்கழி விடியலில்கூட ஒரு துண்டைப் போர்த்தினால் போதும். இலை வரும், பூ வராது.

அப்புறம், மீந்த கிழங்கைச் சமையலறையில் வைக்காதே. பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். கண்வலிக்கிழங்கை வெங்காயப் பட்டறைப் பக்கமே கொண்டுவர உங்கம்மா விடமாட்டாள் அல்லவா, அதே மாதிரி. பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள், தொட்டியைக் கொஞ்சம் உயரத்தில் வை.

இந்தக் கடுதாசி மாப்பிள்ளை கையில் கிடைத்தால் முதல் பக்கத்தை எடுத்துவிட்டு, நான் கொடியை அறுத்த கதையை மட்டும் படிக்கக் கொடு. அன்றைக்கு அவருடைய அப்பா "தோட்டம் சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று சொன்னது அவருக்கும் ஞாபகம் இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா