முசுக்கொட்டை இலை பற்றிய உன் கேள்வி

அன்புள்ள வேலு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்து எழுந்து நடமாடுகிறார்கள் என்று படித்ததும் நிம்மதி.

பட்டுப்புழுவுக்குப் போட்டது போக மிஞ்சும் முசுக்கொட்டை இலையைக் காயவைத்து, சீன வைத்திய முறையில் கஷாயமாகக் கொடுக்கலாமா, சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று கேட்டிருந்தாய். எந்த இலை, எந்த நோய்க்கு என்று பிரித்துக்கொண்டால்தான் கொடுப்பதில் பொருளுண்டு.

சீனாவில் மருந்துச் சரக்காவது மோரஸ் ஆல்பா என்ற வெள்ளை முசுக்கொட்டை மரத்தின் இலை, பெயர் 'சாங் யே'. முதல் உறைபனி விழுந்த பிறகு பறிக்க வேண்டும் என்பது விதி. முற்றிய இலை அது. இனிப்பும் கசப்பும் கலந்தது, குளிர்ச்சியானது. உஷ்ணத்தால் வரும் காய்ச்சல், தொண்டை வலி, வறட்டு இருமல், கண் சிவப்பு, தலைவலி ஆகியவற்றுக்குத்தான் முதலில் இதை எடுப்பார்கள். நாளுக்கு 5 முதல் 10 கிராம் என்கிறது சீன மருந்தியல் தொகுப்பு. காய்ந்த இலையில் ருட்டின் என்ற சத்து 0.10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறது.

நல்ல சரக்கு மஞ்சளோடிய பச்சையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் நரம்புகள் புடைத்து, மெல்லிய ரோமம் தெரியும். விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, சீக்கிரம் பூசணம் பிடிக்கும். குவித்துப் போட்டுக் காயவைத்த இலை உள்ளுக்குள் புழுங்கிக் கறுத்துவிடும், அதை எறிந்துவிடு. காம்பை நீக்கி, கையால் கசக்கி, தூசியைச் சலித்து எடுக்க வேண்டும்.

இருமலுக்குப் பேர்போன கஷாயம் 'சாங் ஜூ யின்'. வூ ஜூதோங் என்ற சீன வைத்தியர் 1798-இல் எழுதி முடித்த நூலில் வருகிறது. இன்றைய அளவில் முசுக்கொட்டை இலை 7.5 கிராம், செவ்வந்திப்பூ 3, புதினாவும் அதிமதுரமும் தலா 2.5, இவற்றோடு ஆப்ரிகாட் விதைப்பருப்பு, நாணல் வேர் என இன்னும் நான்கு சரக்குகள். அந்தப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் சத்து இருப்பதால், பழகிய வைத்தியர் இல்லாமல் அதைத் தொடாதே. இரண்டு கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றினால் போதும். இலையும் பூவும் லேசான சரக்கு. மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். புதினாவைக் கடைசியில்தான் போட வேண்டும்.

வறட்டு இருமல் நீடித்தால் தேனில் வறுத்த இலை. 100 கிராம் இலைக்கு 20 முதல் 25 கிராம் காய்ச்சிய தேன். தேனில் கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கி, இலையில் பிசறி மூடிவைத்து, அது ஊறிய பிறகு சிறுதீயில் வறுக்க வேண்டும். நிறம் கருமஞ்சளாகி, லேசாக மினுங்கி, கையில் ஒட்டாமல் வந்தால் பதம். தேனை இளக்காமல் ஊற்றினால் ஓரிடத்தில் கட்டிப்பட்டு மற்ற இலை வெறுமனே கருகும்.

தெளிந்த நீர்போல் சளி வந்து, குளிர் நடுக்கமும் இருப்பவருக்கு இந்த இலை வேண்டாம்; குளிர்ச்சிக்கு மேல் குளிர்ச்சியாகும். இரவில் உடம்பு வியர்த்துக் கொட்டுவதற்கும் ஒரு பழைய கைமுறை உண்டு: பனித்துளியோடு பறித்த இலையை வாட்டிப் பொடித்து, வெறும் வயிற்றில் கஞ்சித் தெளிவில் கலக்கிக் குடிப்பது. பனித்துளி என்றா, உறைபனி என்றா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒரே பேச்சு இல்லை பார்.

இப்போது நீ உண்மையில் கேட்க வந்த சர்க்கரை நோய் விஷயம். அதில் வேலை செய்வது டி.என்.ஜே. என்ற சத்து. மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக உடைவதை அது தடுக்கிறது. ஆகவே சாப்பாட்டுக்குச் சற்று முன்போ சாப்பாட்டோடோ குடித்தால்தான் பலன். இரண்டு மணி நேரம் கழித்துக் குடித்தால் ஒன்றுமில்லை. இந்தச் சத்து நுனித் தளிரில் அதிகம், முற்ற முற்றக் குறையும். இருமலுக்குத் தேடும் இலையும் சர்க்கரைக்குத் தேடும் இலையும் வேறு வேறு. ஒரே பொட்டலத்தில் இரண்டையும் எழுதி விற்பது எனக்குச் சம்மதமில்லை.

உடையாத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிப்பதால் வயிறு உப்பும், காற்றுப் பிரியும். இதே வேலையைச் செய்யும் அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு இது இரட்டிப்பாகும். கிளிமெப்பிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிட்டால், சீனி உடைவதையும் இலை தடுப்பதால், அந்த நேரத்தில் வீட்டுச் சீனி மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பொடியைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும். மருத்துவரிடம் சொல்லாமல் யாருக்கும் கொடுக்காதே. கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

உன் தோட்டத்து இலையில் எனக்குள்ள பெரிய கவலை பூச்சிமருந்து. புழுவுக்கு ஆகாது என்று மருந்தடித்து நாள் எண்ணிக் காத்திருப்பீர்களே, அந்தக் கணக்கு புழுவுக்கு மட்டும்தான், மனிதருக்கு இல்லை. கஷாயத்துக்கென்று நாலைந்து வரிசையை மருந்தே படாமல் தனியாக விட முடியுமா? முடியும் என்றால் என்ன ரகம், கடைசியாக எப்போது கவாத்து செய்தாய் என்று எழுது.

அன்புடன்,
சுந்தரம்