கொசஸ்தலை ஆற்றில் உயர்மட்டப் பாலம் வேண்டி நான்காவது மனு

அனுப்புநர்: ஆற்றங்கரை ஊர்ப் பொதுமக்கள் சார்பில், ஒரு பால் உற்பத்தியாளர்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: 2021 நவம்பர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட எங்கள் தரைப்பாலத்துக்குப் பதிலாக உயர்மட்டப் பாலம் கட்டித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இதுவரை மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறோம். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை. எங்கள் ஊரைத் தாங்கள் அறிவீர்கள். ஆந்திர எல்லையை ஒட்டி, வீட்டில் தெலுங்கும் அலுவலகத்தில் தமிழும் பேசுகிற ஊர். வீடுகள் இந்தக் கரையில். பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் அந்தக் கரையில்.

1. மேலே ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் தண்டோராவுக்கு முன்பே கார்வேட்டிநகரம் பக்கத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்துவிடும். 'நீள்ளு ஒதிலினாரு' (தண்ணீர் விட்டுவிட்டார்கள்) என்று இரண்டே சொல். உடனே மாடுகளை மேட்டில் ஏற்றிவிடுவோம். பாலத்தை எங்கே ஏற்றுவது? பாலம் போன பிறகு சிமென்ட் குழாய் பதித்து, மண் கொட்டித் தற்காலிகப் பாதை போட்டார்கள். அடுத்த மழையில் குழாய்களும் போயின.

2. கரும்பு லாரி ஊருக்குள் வர மறுக்கிறது. வெட்டிய கரும்பு காய்ந்து எடை குறைகிறது.

3. பால் விஷயம்தான் ஐயா எங்களைக் கொல்கிறது. விடியற்காலை நாலரைக்குக் கறக்கிறோம். ஏழு மணிக்குள் சொசைட்டியில் ஊற்றியாக வேண்டும். பாலம் இருந்தபோது பத்து நிமிட நடை. இப்போது ஆற்றில் தண்ணீர் ஓடினால் சுற்றுவழியில் பதினாறு கிலோமீட்டர். பைக் இருக்கிற வீடு போகும், இல்லாத வீட்டுப் பெண்கள் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறார்கள். கால் வைக்கும் இடம் உடைந்த பாலத்தின் கான்கிரீட் துண்டுகள், மேலெல்லாம் பாசி. போன ஐப்பசியில் என் சின்னம்மா நடு ஆற்றில் வழுக்கி விழுந்தார். கழுத்தளவு தண்ணீரிலும் கேனின் கைப்பிடியை விடவில்லை. கரைக்கு இழுத்துப் போட்டபோது மூடி போய்விட்டிருந்தது. உள்ளே பாதி பால், பாதி ஆறு. அதையும் சொசைட்டிக்குக் கொண்டுபோனார். லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. மார்கழிக்குள் சின்னம்மா இரண்டு மாடுகளையும் விற்றுவிட்டார். சங்கராந்திக்கு மறுநாள் கனுமாவில் ஊரெல்லாம் கொம்புக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்க, அவர் காலித் தொழுவத்தைப் பெருக்கிக் கோலம் போட்டார்.

4. ஆய்வுக்கு வருகிறவர்கள் எல்லாரும் உகாதியை ஒட்டித்தான் வருகிறார்கள். அப்போது ஆறு வெறும் மணல். ஜீப்பிலேயே கடந்து வந்து, 'வழி இருக்கிறதே' என்றார் ஒருவர். வேப்பம்பூப் பச்சடி கொடுத்தோம். சாப்பிட்டார், அளவெடுத்தார், போனார். டேப்பின் மறுமுனையைப் பிடித்து நின்றவன் நான்தான்; எத்தனை மீட்டர் என்று இன்றும் சொல்வேன். கோப்பில் அந்த அளவாவது இருக்கிறதா ஐயா? கங்கையம்மன் ஜாத்திரைக்கு வந்தால்கூடச் சோறு போடுவோம், ஆனால் ஆய்வுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களோடு ஒரு தடவை இறங்குங்கள்.

5. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறி இந்தப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. இந்த ஆறு பூண்டி ஏரிக்குப் போய்ச் சென்னைக்குக் குடிநீராகிறது. போகட்டும், குடிக்கட்டும். அதைத் தாண்ட எங்களுக்கு ஒரு பாலம் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். எழுதும்போது கை நடுங்குகிறது, தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

எனவே, ஐயா அவர்கள் தயவுகூர்ந்து உயர்மட்டப் பாலத்துக்கு ஆவன செய்யுமாறும், அதுவரை அடுத்த ஐப்பசிக்குள் கால் நனையாமல் பால் கேன் கொண்டுபோகும் அளவுக்காவது ஒரு நடைபாலம் போட்டுத் தருமாறும் மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். பெரிய பாலம் தாமதமானாலும் நடைபாலத்தைத் தள்ளிப்போட வேண்டாம், ஐயா.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்கள். இதற்கும் ஒரு ரசீது தந்து உதவவும்.