புகை தெரியவில்லை என்றால் புகை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னை அனல்மின் நிலையங்களைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் எழுதிய அன்பர் ஒருவர், "இப்போதெல்லாம் சிம்னியில் புகையே தெரிவதில்லை, பிறகென்ன குறை?" என்று கேட்டிருந்தார். நான் எண்ணூர்வாசி, வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சும்மா இருக்க முடியவில்லை.

பாய்லருக்குள் போகுமுன் நிலக்கரியை மாவாக அரைத்துவிடுவார்கள். எரிந்தபின் சாம்பலில் ஐந்தில் ஒரு பங்கு அடியில் விழும், மீதி பறக்கும். பறப்பதில் பெரும்பகுதியை ஈ.எஸ்.பி. என்கிற மின்வடிகட்டியின் தகடுகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். புகை தெரியாததற்கு அதுதான் காரணம். ஆனால் அது தூசுக்கு மட்டுமே ஆன வேலை. கந்தக டை ஆக்ஸைடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வாயுக்கள். அதைத் தாண்டிப் போய்விடும். காற்றில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து, பல மைல் தள்ளி, நுரையீரல்வரை போகும் நுண்துகளாகிவிடும். 275 மீட்டர் சிம்னி எதையும் குறைப்பதில்லை, தூரமாகத் தள்ளிவிடுகிறது.

இந்திய நிலக்கரியில் கந்தகம் அரை சதவீதம்தானே என்பார்கள். உண்மைதான். 500 மெகாவாட் அலகு முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 8,000 டன் நிலக்கரி வேண்டும். அரை சதவீதம் என்றால் 40 டன் கந்தகம். ஆக்ஸிஜன் சேர்ந்தால் எடை இரட்டிப்பு. இதைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் கரைசல் கொண்டு கழுவும் ஏற்பாடு உண்டு. 2015இல் மத்திய அரசு வரம்பு விதித்தது. கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த ஏற்பாட்டிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு நமக்கு 100 யூனிட் இலவசம். அதை முழுக்க நிலக்கரியில் எடுத்தால் சுமார் 70 கிலோ எரிய வேண்டும். 25 கிலோ சாம்பல், 90 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. எரித்ததைவிட வருவது அதிகமாக இருக்கிறதே என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள்: 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராமாகிறது, அவ்வளவுதான்.

அந்த 25 கிலோ எங்கே போகிறது? கொஞ்சம் சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும். மீதியைத் தண்ணீரில் கலந்து குழாய்வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆறு. கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குச் சேறெது, சாம்பலெது என்று விரலே சொல்லும். எங்கள் மொட்டை மாடியிலும் கண்டுபிடிக்கலாம்: காயப்போட்ட வேட்டியை உதறும்போது கறுப்பாக விழுந்தால் நிலக்கரித் தூசு, வெளிறிய மாவாய் ஒட்டினால் சாம்பல்.

1970 முதல் ஓடிய பழைய எண்ணூர் நிலையத்தை 2017இல் மூடியபோது கொஞ்சம் மூச்சு விட்டோம். 2024இல் பக்கத்திலேயே 800 மெகாவாட் அலகைத் திறந்துவிட்டார்கள். மின்சாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கடிதமும் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதியதுதான். கேட்பது ஒன்றுதான். சிம்னியிலிருந்து வரும் வாயுக்களை அளக்கும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த அளவுகளை அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர் ரயில் நிலையங்களில் மின்பலகை வைத்து, வரம்பு எவ்வளவு, இன்று எவ்வளவு என்று தமிழில் காட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யட்டும்.

— ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
எண்ணூர், சென்னை