ஷ்பேட்லேசே எல்லாம் இனிப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த ஒயின் கட்டுரையின் அட்டவணை காபினெட், ஷ்பேட்லேசே, ஆவுஸ்லேசே என்ற ஜெர்மன் பெயர்களை இனிப்பின் ஏறுவரிசையாகக் காட்டுகிறது. பெங்களூரில் இறக்குமதி ஒயினுக்குக் கொடுக்கும் விலைக்கு இதை நம்பி வாங்கினால் நஷ்டம்தான். அந்தப் பெயர்கள் சொல்வது அறுவடையின்போது திராட்சைச் சாற்றில் இருந்த சர்க்கரையை. ஜெர்மனியின் மோசல் பகுதியில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயினில் காபினெட்டுக்குக் குறைந்தது 70 எக்ஸ்லே (சாற்றின் சர்க்கரையைக் கணிக்கும் ஜெர்மன் அளவு), ஷ்பேட்லேசேக்கு 76, ஆவுஸ்லேசேக்கு 83. அந்தச் சர்க்கரை முழுக்க நொதித்துவிட்டால் ஷ்பேட்லேசேயிலும் இனிப்பு இருக்காது. நொதிப்பை நடுவில் நிறுத்தினால்தான் மிஞ்சும்.

லேபிளில் முதலில் தேட வேண்டியது 'ட்ரோக்கன்', அதாவது இனிப்பற்றது, என்ற சொல்லை. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைதான் வரம்பு. புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 வரை போகலாம். அந்த 9 கிராமுக்கு அமிலம் 7 கிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. 'ஹால்ப்ட்ரோக்கன்' (பாதி ட்ரோக்கன்) 12 வரை, புளிப்பைப் பொறுத்து 18 வரை. 'லீப்லிஷ்' (மிதமான இனிப்பு) 45 வரை, அதற்கு மேல் 'ஸ்யூஸ்' (இனிப்பு). 'ஃபைன்ஹெர்ப்' என்பதற்குச் சட்டத்தில் அளவே கிடையாது, தயாரிப்பாளர் வைத்ததுதான்; பெரும்பாலும் ஹால்ப்ட்ரோக்கனை ஒட்டியோ சற்றே கூடவோ இருக்கும். நம் காரக் குழம்புக்கு இதுதான் பொருத்தம் என்பேன்.

இந்தச் சொற்கள் எதுவும் இல்லாத பாட்டில்களும் உண்டு. அப்போது ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். இறக்குமதியாளர் ஸ்டிக்கர் பின் லேபிளை மறைத்திருந்தாலும் ஸ்டிக்கரிலேயே அது இருக்கும். 1 சதவீத ஆல்கஹாலுக்கு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை செலவாகிறது. ஆகவே 7 முதல் 9 சதவீதம் என்றால் கணிசமான சர்க்கரை மிச்சம். 12-ஐத் தாண்டினால் அநேகமாக இனிப்பில்லை. மிகப் பழுத்த திராட்சையில் செய்யும் பேரன்ஆவுஸ்லேசே, கொடியிலேயே உறைந்த திராட்சையில் செய்யும் ஐஸ்வைன் போன்றவை மட்டும் எப்போதும் இனிப்புதான்.

நாக்கை நம்ப வேண்டாம். மோசல் ரீஸ்லிங்கின் புளிப்பு 40 கிராம் சர்க்கரையைக்கூட மட்டுப்படுத்திக் காட்டும், பாட்டில் சில்லென்று இருந்தால் இன்னும் அதிகமாக. சர்க்கரை வியாதிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஐரோப்பிய ஒயின்களில் பெரும்பாலும் கியூஆர் கோடு இருக்கிறது. அதில் 100 மில்லிக்கான சர்க்கரை அளவு கிடைக்கும். பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு.

அட்டவணையைத் திருத்தி வெளியிட்டால், நுரைக்கும் 'ஸெக்ட்' ஒயினுக்குத் தனி வரிசை வேண்டும். அதில் 'ட்ரோக்கன்' என்றால் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம், அதாவது நல்ல இனிப்பு. இனிப்பு வேண்டாதவர்கள் 12-க்குள் அடங்கும் 'ப்ரூட்' அல்லது 6-க்குள் அடங்கும் 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' கேட்க வேண்டும்.

— ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு