அப்டேட் முடிந்தும் ஓடுவது பழையதே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய கணினிகளில் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்களைப் போட்டு, கணக்குக் கோப்புகளை ஜிபிஜி என்ற குறியாக்க மென்பொருள் கொண்டு பூட்டி அனுப்பும் சிறு அலுவலகங்களின் கவனத்துக்கு இது.

ஜிபிஜி ஒற்றை நிரல் அல்ல. 2014இல் வந்த 2.1 பதிப்பு முதல் ரகசியச் சாவி (பூட்டியதைத் திறக்கவும் கையொப்பமிடவும் நம்மிடம் மட்டும் இருப்பது), பின்னணியில் ஓடும் ஜிபிஜி ஏஜென்ட்டின் பொறுப்பு. கடவுச்சொல் கேட்பது பின்என்ட்ரி. பிறரின் பொதுச்சாவிகளை (அவர்களுக்கான கோப்பைப் பூட்ட உதவுபவை) வைத்திருக்கும் சாவி சர்வர்களோடு பேசுவது டிர்மங்கர். குறைந்தபட்ச மென்பொருள் பொதிகளோடு நிறுவிய கணினியில் டிர்மங்கர் இருக்காது. கோப்பைப் பூட்டலாம், திறக்கலாம். பிறர் சாவியை இறக்கும்போது மட்டும் பிழை வரும். மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை, அந்தப் பொதியைச் சேர்த்தால் போதும்.

பெரிய சிக்கல் லைப்ரரியில், அதாவது நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைநிரலில். குறியாக்கக் கணக்கைப் போடுவது லிப்ஜிகிரிப்ட். 2021 ஜனவரியில் அதன் 1.9.0 பதிப்பில் நினைவகம் சார்ந்த ஆபத்தான பாதுகாப்பு ஓட்டை தெரியவந்து, அந்தப் பதிப்பு வெளியான பத்தாம் நாள் திருத்திய 1.9.1 வந்தது. இப்படியொரு திருத்தம் வட்டில் இறங்கிவிட்டாலும், முன்பே ஓடிக்கொண்டிருக்கும் ஏஜென்ட் நினைவகத்தில் உள்ள பழைய லைப்ரரியை விடாது. ஏஜென்ட் ஜிபிஜியைவிடப் பழைய பதிப்பானால் எச்சரிக்கை வரும். லைப்ரரி மட்டும் மாறினால் அதுவும் வராது. முன்பு மின்வெட்டாவது கணினியை அணைத்து எழுப்பும். இப்போது யுபிஎஸ் தயவில் மாதக்கணக்கில் ஓடுகிறது!

அப்டேட் ஆனதும் ஜிபிஜிகான்ஃப் கட்டளையை 'கில் ஆல்' என்ற தெரிவோடு (gpgconf --kill all) இயக்க வேண்டும். ஏஜென்ட் அடுத்த தேவையின்போது தானே எழும். ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) இயக்கினால் ரூட்டின் ஏஜென்ட் மட்டுமே நிற்கும் என்பதால், ஒவ்வொருவரும் தம் கணக்கிலிருந்து செய்ய வேண்டும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவுவது), வெப் சர்வர் போன்றவற்றில் எவை பழைய லைப்ரரியோடு ஓடுகின்றன என்பதை நீட்ரீஸ்டார்ட் பொதி காட்டும்.

ஏஜென்ட் நின்றால் அது நினைவில் வைத்திருந்த கடவுச்சொல்லும் போய்விடும். இரவுக் காப்புநகலைப் பூட்ட மட்டும் என்றால் பொதுச்சாவி போதும், கவலையில்லை. கையொப்பமும் உண்டென்றால் கடவுச்சொல் தர ஆளின்றி வேலை தோற்கும். நினைவில் வைக்கும் இயல்பான நேரம் 10 நிமிடமே. அதை நீட்டி வைத்திருப்பவர்கள் அப்டேட்டைக் காலையில் முடித்து, மாலை கிளம்பும் முன் ஒருமுறை கடவுச்சொல்லை இட்டுச் செல்லட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.